வரையப்படாத கோடு: ஜுன்ஜி இடோவும் சைலன்ட் ஹில்ஸும்

1

2014 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, வேளச்சேரியில் நண்பன் ஒருவனின் வாடகை வீட்டில் ‘பி.டி.’ விளையாடினேன். விளையாடினேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். கன்ட்ரோலர் பெரும்பாலும் அவன் கையில்தான் இருந்தது. நான் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, “டேய், திரும்பாத, திரும்பாத” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரையில் இருந்ததெல்லாம் ஒரு வீட்டின் நடைவழி மட்டும். ஓர் இடத்தில் அது வலது பக்கமாக மடங்குகிறது. சுவரில் குடும்பப் படங்கள், மேசையில் 23:59 என்று காட்டும் கடிகாரம். மனைவி மக்களைக் கொன்ற ஒரு தகப்பனைப் பற்றி வானொலியில் ஒருவர் நிதானமாகச் செய்தி சொல்கிறார். கோடியில் இருக்கும் கதவைத் திறந்து வெளியே போனால் அதே நடைவழியின் தொடக்கத்தில் வந்து நிற்கிறோம். கையில் ஆயுதம் கிடையாது. நடக்கலாம், பார்க்கலாம், உற்றுப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

“இதுதானா கேம்?” என்று கேட்டேன். அரைமணி நேரம் கழித்து எழுந்துபோய் விளக்கைப் போட்டவனும் நான்தான்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று, 7780எஸ் ஸ்டுடியோ என்ற யாரும் கேள்விப்படாத பெயரில் பிளேஸ்டேஷன் 4-க்கு இலவசமாக வெளியானது பி.டி. கடைசிப் புதிரை அவிழ்த்தவர்களுக்குத்தான் விஷயம் தெரிந்தது. ஸ்டுடியோவின் பெயர் ஒரு முகமூடி. பின்னால் இருந்தவர் ‘மெட்டல் கியர்’ வரிசையை உருவாக்கிய ஹிடியோ கோஜிமா. கூடவே ‘பான்ஸ் லேபிரின்த்’ படத்தின் இயக்குநர் கியர்மோ டெல் டோரோ. முகம் கொடுத்தவர் நடிகர் நார்மன் ரீடஸ். பி.டி. என்றால் பிளேயபிள் டீசர், அதாவது விளையாடிப் பார்க்கும் முன்னோட்டம். வரப்போகும் கேமின் பெயர் ‘சைலன்ட் ஹில்ஸ்’. 1999-இல் தொடங்கிய கொனாமியின் புகழ்பெற்ற திகில் வரிசையில் அடுத்தது.

அது வரவில்லை. கொனாமிக்கும் கோஜிமாவுக்கும் இடையே உறவு முறிந்தது. 2015 ஏப்ரலில் சைலன்ட் ஹில்ஸ் கைவிடப்பட்டதாக நிறுவனம் உறுதிசெய்தது. அந்த மாதக் கடைசியில் பி.டி.யும் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து எடுக்கப்பட்டது.

எல்லாம் முடிந்த பிறகு, டெல் டோரோ ட்விட்டரில் இன்னொரு பெயரையும் சொன்னார். சைலன்ட் ஹில்ஸில் தங்களோடு ஜப்பானிய மாங்கா கலைஞர் ஜுன்ஜி இடோவும் இணைந்திருந்தார் என்றார். ஏற்கனவே அழுதுகொண்டிருந்த ரசிகர்களுக்கு ஒப்பாரிக்குப் புதிதாக ஒரு அடி கிடைத்தது.

2

அந்த ஒப்பாரியில் என் குரலும் உண்டு. ஒரு சிற்றிதழில் நீண்ட கட்டுரை எழுதினேன். சைலன்ட் ஹில்லின் மூடுபனிக்குள் இடோவின் உருவங்கள் எப்படி நடந்து வந்திருக்கும், அந்தச் சுருள்களும் துளைகளும் முப்பரிமாணத்தில் எப்படி இருந்திருக்கும் என்று பக்கம் பக்கமாக. ‘நம் காலத்தின் மாபெரும் இழப்பு’ என்றெல்லாம் அதில் ஒரு வரி இருந்தது. நண்பர்கள் பாராட்டினார்கள். எனக்கும் பிடித்திருந்தது.

சில வருடங்கள் கழித்து, காமிக்ஸ் பற்றிய ஒரு சிறிய கூட்டத்தில் கல்லூரிப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். கட்டுரையைப் படித்திருந்தான்.

“சார், இடோ அந்த கேமுக்கு வரைஞ்ச டிசைன் எதையாவது நீங்க பாத்திருக்கீங்களா?”

“இல்லப்பா. எதுவும் வெளிய வரல.”

“அப்ப எத வச்சு சார் எழுதுனீங்க?”

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அவனுக்குத் தாமதமாகச் சொல்லும் பதில் என்றே வைத்துக்கொள்ளலாம்.

சைலன்ட் ஹில்ஸுக்காக இடோ என்ன செய்தார்? அவரே பேட்டிகளில் சொல்லியிருப்பதை வைத்துப் பார்த்தால், அநேகமாக ஒன்றுமே இல்லை. அழைத்தார்கள், பேசினார்கள். வேலை என்று சொல்லத்தக்க கட்டத்தை எட்டும் முன்பே திட்டம் நின்றுபோயிற்று. தன் மகத்தான படைப்பு அழிக்கப்பட்டது என்று அவர் எங்கும் புலம்பவில்லை. புலம்பியதெல்லாம் நாம்தான்.

பட்டினி கிடப்பவனுக்கு எந்தச் சத்தமும் சோற்றுப் பானையின் சத்தமாகக் கேட்கும். 2020-இல் இணையவழி நடந்த காமிக்-கான் நிகழ்வில், கோஜிமா ஒரு திகில் கேம் செய்யக்கூடும், தன்னையும் அழைத்திருக்கிறார் என்பதுபோல் இடோ சொன்னார். உலகமே துள்ளியது. சில நாட்களில் அவரே விளக்கம் கொடுத்து வருத்தமும் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அது ஒரு விருந்தில் நடந்த பேச்சு, அவ்வளவுதான். விருந்தில் பேசியதற்கு ஒரு கலைஞர் மன்னிப்புக் கேட்கும்படி ஆனதென்றால், பிழை அவருடையது இல்லை.

கோஜிமாவின் கேமில் இடோ இருக்கவும் செய்கிறார். தனி நிறுவனம் தொடங்கிய கோஜிமா 2019 நவம்பரில் வெளியிட்ட ‘டெத் ஸ்ட்ராண்டிங்’கில் பொறியாளர் பாத்திரம் ஒன்றுக்கு இடோவின் முகம். நார்மன் ரீடஸ் அதில் நாயகன். டெல் டோரோவின் முகமும் ஒரு முக்கியப் பாத்திரத்துக்கு. கைவிடப்பட்ட கேமின் கூட்டாளிகளை இன்னொரு வீட்டுக்கு அழைத்துவந்து உட்காரவைத்த மாதிரி. பேனாவுக்காகத் தேடப்பட்டவர் கடைசியில் கொடுத்தது முகத்தை மட்டும்.

கைவிடப்பட்ட படைப்புகளைப் பற்றி எழுதவே கூடாதா என்று கேட்கலாம். தாராளமாக எழுதலாம். 1970களில் அலெஹாந்த்ரோ ஹொடரோவ்ஸ்கி எடுக்க முனைந்து நின்றுபோன ‘டியூன்’ படத்துக்கு எச்.ஆர். கீகரும் மோபியஸும் வரைந்தார்கள். அந்தப் படங்கள் இருக்கின்றன, பார்க்கலாம், நல்லது கெட்டது சொல்லலாம். அந்த முயற்சியில் பழகிய தொடர்புகள் வழியாகத்தான் கீகர் 1979-இன் ‘ஏலியன்’ வரை வந்தார். அங்கே விமர்சனத்துக்குப் பிடிமானமாகக் காகிதம் உண்டு. இடோ விஷயத்தில் வெள்ளைத்தாள்கூட இல்லை. நான் விமர்சித்தது என் சொந்தக் கற்பனையை. அதற்கு நானே விருதும் கொடுத்துக்கொண்டேன்.

3

சரி, வரைந்திருந்தால்? அது அவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்குமா? இதற்கு இடோவின் கலை எதில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

1963-இல் கிஃபு மாகாணத்தில் பிறந்த இடோ, பல் தொழில்நுட்பராக வேலை பார்த்தவர். பொய்ப்பல் செய்கிறவர். கச்சிதமான, பொறுமையான கை அங்கே பழகியிருக்க வேண்டும். 1987-இல் ‘ஹாலோவீன்’ மாத இதழின் கஸுவோ உமேஸு பரிசுக்கு அனுப்பிய ‘டோமியே’ சிறப்புக் குறிப்பைப் பெற்றது. எத்தனை முறை கொன்றாலும் முளைத்து வரும் அழகியின் கதை. 1998-99இல் வந்த ‘உசுமாகி’ அவரை உலகத்துக்குக் கொண்டுபோனது. ஒரு கடலோரச் சிற்றூரைச் சுருள் வடிவம் பிடித்துக்கொள்கிறது. பேய் இல்லை, கொலைகாரன் இல்லை, ஒரு வடிவம்தான் வில்லன்.

‘உசுமாகி’யின் தொடக்க அத்தியாயத்தில் சுருள்மேல் பித்துக்கொண்ட ஒரு தகப்பன் வருகிறார். கடைசியில் வட்டமான மரத்தொட்டி ஒன்று. அதன் மூடியைத் திறக்கும்வரை கட்டங்கள் சிறிதாக, அமைதியாக, சலிப்பூட்டும் அளவுக்கு ஒழுங்காகப் போகின்றன. பக்கத்தைத் திருப்பினால் அவர் உள்ளே சுருண்டு கிடக்கிறார், நாடா சுற்றிவைத்த மாதிரி. மெல்லிய பேனாக் கோடுகள், ஆயிரக்கணக்கில். கண்ணை எடுக்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத் திருப்பியது யார் என்பது. நாம்தான். அடுத்த பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தே திருப்பினோம். சினிமாவில் கண்ணை மூடிக்கொண்டால் காட்சி தானாகக் கடந்துபோகும். இடோவின் புத்தகத்தில் கண்ணை மூடினால் பக்கம் அங்கேயே காத்திருக்கும். அவருடைய திகிலின் விசை நம் விரலில் இருக்கிறது.

இரண்டாவது விஷயம் அசையாமை. இடோவின் உருவங்கள் துரத்துவதில்லை. பெரும்பாலும் அவை வெறுமனே இருக்கின்றன. ‘கியோ’ தொகுப்பின் பின்னிணைப்பாக வந்த ‘அமிகாரா பிளவின் புதிர்’ சிறுகதையில், நிலநடுக்கத்தால் பிளந்த மலைச்சரிவில் மனித வடிவத் துளைகள் தென்படுகின்றன. ஒவ்வொருவரும் தன் உடலுக்கென்றே வெட்டிய துளையை அடையாளம் கண்டு, தானாகவே உள்ளே போகிறார்கள். யாரும் தள்ளவில்லை. துளை சும்மா இருக்கிறது. அது போதுமானதாக இருக்கிறது.

இந்தக் கலையை அசைய வைக்க முயன்றவர்களின் பட்டியல் நீளமானது. 2000-இல் திரைப்படம், 2018-இல் தொலைக்காட்சித் தொகுப்பு, 2023-இல் நெட்ஃபிளிக்ஸ் தொகுப்பு. ரொம்ப எதிர்பார்க்கப்பட்டது 2024-இல் கருப்பு வெள்ளையில் நான்கு பகுதிகளாக வந்த ‘உசுமாகி’ தொடர். முதல் பகுதியைப் பார்த்து எல்லோரும் வாயடைத்துப் போனோம். இரண்டாவதிலேயே தரம் சரிந்தது. அதற்குத் தயாரிப்புக் காரணங்கள் இருந்தன. ஆனால் மிகச் சிறப்பாக வந்த அந்த முதல் பகுதியிலும், நின்று பார்க்க வேண்டிய இடத்தில் காட்சி நகர்ந்துகொண்டே இருந்தது எனக்கு உறுத்தியது. நேரம் என் கையில் இல்லை.

ஒரு பெரிய ஸ்டுடியோ கேமில் இடோவின் வரைபடம் என்னவாக ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முப்பரிமாண வார்ப்பாக மாறும், தோல் போர்த்தப்படும், ஓட வைக்கப்படும், நம்மைப் பிடிக்க வரும். அவருடைய கோடுதான் முதலில் காணாமல் போகும். சைலன்ட் ஹில் வரிசையில் இன்னொரு இடோ உண்டு, மசாஹிரோ இடோ. 2001-இல் வந்த இரண்டாம் பாகத்தின் பிரமிட் தலையனை உருவாக்கியவர். அந்த உருவம் கேமுக்காகவே பிறந்தது. அது நடக்கும் கனம், இழுத்துவரும் கத்தியின் ஓசை எல்லாம் சேர்ந்ததே அதன் வடிவம். ஜுன்ஜி இடோவால் அப்படி ஒன்றை உருவாக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். முடியும் என்று எழுதியதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

4

இதையெல்லாம் அசைபோட்டபடி பி.டி.க்குத் திரும்பினால், ஒரு விசித்திரம் கண்ணில் படுகிறது. இடோவிடம் நாம் கேட்டது ஏற்கனவே அங்கே இருந்தது. அவர் ஒரு கோடும் போடாமலே.

நடைவழியின் அந்த மடிப்பைப் பாருங்கள். மடிப்புக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. எதுவும் நம்மை அங்கே தள்ளுவதும் இல்லை. நின்ற இடத்திலேயே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். முன்னால் போகவேண்டுமென்றால் நாமாகத்தான் குச்சியை அழுத்தித் திரும்ப வேண்டும். அது பக்கத்தைத் திருப்புவதேதான். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம், ஆனால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. கதவு ஒரு விரலளவு திறந்திருக்கிறது. விளக்கின் நிறம் மாறியிருக்கிறது. கூரையிலிருந்து குளிர்பதனப் பெட்டி ஒன்று ரத்தம் சொட்டத் தொங்குகிறது. இடோவின் கட்டங்களும் இப்படித்தான் வேலை செய்கின்றன. சலிப்பு, சலிப்பு, சலிப்பு, பிறகு திருப்பம்.

வேளச்சேரி வீட்டில் நான் “திரும்பாத” என்று கத்தியதற்கு ஒரு பின்கதை உண்டு. அது ஐந்து வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. 2019-இல் லான்ஸ் மெக்டொனால்ட் என்பவர் பி.டி.யின் கேமராவை நாயகனின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்துச் சுற்றவிட்டார். டார்ச் கைக்கு வந்த கணத்திலிருந்து லிசா என்ற அந்தப் பெண்ணுருவம் நம் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே வருகிறது என்று கண்டார். முனகல் ஓசையும் சுவரில் விழுந்த நிழலும் எங்கிருந்து வந்தன என்பதற்கு அதுதான் விடை. அவள் அங்கே எப்போதும் இருந்தாள். இந்த ஒன்று எனக்கு இடோவின் எந்தக் கதைக்கும் குறைந்ததாகத் தோன்றவில்லை.

இடோவின் கோட்டை கேமுக்குள் கொண்டுவர முடியாதா என்றால், கொண்டுவந்தார்கள். ஆனால் வேறொரு மூலையிலிருந்து. போலந்தைச் சேர்ந்த பாவெல் கோஸ்மின்ஸ்கி, தொழிலால் பல் மருத்துவர். கணினியோடு வரும் சாதாரண எம்.எஸ். பெயின்ட்டில் கருப்பு வெள்ளையில் வரைந்து ‘வேர்ல்ட் ஆஃப் ஹாரர்’ என்ற கேமை உருவாக்கினார். 2020-இல் முன்னோட்டமாக வந்து 2023-இல் முழுமையடைந்தது. ஜப்பானியக் கடலோர ஊர், இடோவிடமிருந்து எடுத்த தூண்டுதல், லவ்கிராஃப்டின் பழந்தெய்வங்கள். அதில் எதுவும் ஓடுவதில்லை. படங்கள் நிற்கின்றன, நாம் சொடுக்கினால்தான் அடுத்தது. பல் கட்டியவரின் கோட்டைப் பல் பிடுங்குகிறவர் பிடித்துக்கொண்டார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பெரும் பணமும் மூன்று பெரிய பெயர்களும் சேர்ந்து செய்வதாக இருந்ததை, ஓய்வு நேரத்தில் ஒருவர் தொட்டுவிட்டார். இதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. இல்லாத கேமுக்குப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான்.

5

இனி என் பிழையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன்.

பிறக்காத பிள்ளைக்கு அழுத நேரத்தில், பிறந்த பிள்ளையை நாம் கவனிக்கவில்லை. பி.டி. முன்னோட்டம் என்ற பெயரில் வந்தது. அதனால் எல்லோரும் அதைத் திரைச்சீலையாகவே பார்த்தோம். பின்னால் பெரிய மேடை இருக்கிறது என்று நம்பினோம். மேடை இல்லை என்று தெரிந்த பிறகாவது திரைச்சீலையைப் பார்த்திருக்க வேண்டும். அது முழுமையான ஒரு படைப்பு. தொடக்கம், சுழற்சி, முடிவு எல்லாம் கொண்டது. ஒரு சிறுகதையின் அளவு. அதன் பாதிப்பு அடுத்த பத்தாண்டுத் திகில் கேம்களின் வீட்டு நடைவழிகள் எல்லாவற்றிலும் தெரிகிறது.

அந்தப் படைப்பு இன்று சட்டப்படி கிடைக்காது. எடுக்கும் முன்பே இறக்கிவைத்திருந்த பழைய பி.எஸ்.4 பெட்டிகளுக்குள் மட்டும் இருக்கிறது. அப்படிப்பட்ட பெட்டிகளைப் பல மடங்கு விலை போட்டு ஏலத்துக்கு வைத்தார்கள். பி.எஸ்.5-இல் அது ஓடாது. 2018-இல் பதின்வயது ரசிகர் ஒருவர் கணினிக்காக அதை மறுபடி உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். கொனாமி கேட்டுக்கொண்டதால் எடுக்க வேண்டியதாயிற்று. சட்டத்தின் பார்வையில் நிறுவனம் செய்தது சரியாக இருக்கலாம். ஆனால் ஒரு பதிப்பாளர் புத்தகம் அச்சிடுவதை நிறுத்தலாம், நூலகத்தில் இருக்கும் பிரதியை வந்து பிடுங்கிக்கொண்டு போக முடியாது. கேமுக்கு அப்படியொரு நூலகம் பெரும்பாலும் இல்லை. வெளியிட்டவர் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான்.

பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்று போகும்போதும் படைப்பு கொஞ்சம் குறைகிறது. இந்த இழப்பைப் பற்றி எழுதுவது கடினம், ஏனென்றால் இதில் கற்பனைக்கு இடமில்லை. சைலன்ட் ஹில்ஸ் நம் மனதில் என்றும் அப்பழுக்கில்லாமல் இருக்கும். மோசமான சண்டைக் காட்சி, வழவழவென்ற வசனம், அவசரமாக முடித்த கடைசி அத்தியாயம் எதுவும் அதில் வராது. வராத படைப்பைப் போல் நல்ல படைப்பு வேறில்லை. அதனால்தான் அதை நேசிப்பது அவ்வளவு சுலபம்.

விமர்சகனுக்கு ஒரே ஒரு கடமைதான் என்று இப்போது நினைக்கிறேன். முன்னால் இருப்பதைப் பார்ப்பது. இடோவின் பெயர் அந்தக் கேமோடு சேர்ந்ததில் அவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அவர் வீட்டில் உட்கார்ந்து அடுத்த கதையை வரைந்துகொண்டிருந்தார். நாம்தான் அவர் வரையாததை நோக்கியே கண்ணை வைத்திருந்தோம்.

இந்தக் கட்டுரையை எழுதும் முன், பி.டி.யை ஒருமுறை மறுபடியும் பார்த்துவிடலாம் என்று வேளச்சேரி நண்பனுக்கு போன் பண்ணினேன். அவன் இப்போது திருச்சியில் இருக்கிறான்.

“மச்சான், அந்தப் பழைய பி.எஸ்.4 இருக்கா?”

“அது எங்கடா இருக்கு. 2017லயே எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேன். ஏன்?”

“கடைல குடுக்கும்போது அதுல என்ன இருந்துச்சுன்னு பாத்தியா?”

“கடைக்காரர் என் முன்னாடியே எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் வாங்கினாரு. பழைய கேம்தானே.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவனே கேட்டான். “டேய், அதுல அந்த பி.டி. இருந்துச்சுல்ல?”

2017 என்பது என் கட்டுரை அச்சான வருடம்.